பூஜ்யம் புள்ளி இரண்டு ஒன்று

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஜனவரியில் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் இரண்டு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த இரண்டு மணி நேரம் இருக்காது. ஊரே அதற்குத் தகுந்தாற்போல் சமைத்தது, குளித்தது, லிஃப்டில் ஏறலாமா வேண்டாமா என்று யோசித்தது. மூன்றாவது மாடி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தெமெனுகாவின் குடுவை மட்டும் அதற்கு ஒத்துவரவில்லை. அதற்குள் விளைந்துகொண்டிருந்த பாலிமரை நாற்பத்தெட்டு மணி நேரம் ஒரே சூட்டில் ஓயாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் கலக்கி நின்றுவிடும். குடுவை உட்கார்ந்திருக்கும் சூடான எண்ணெய்த் தொட்டி ஆறத் தொடங்கும்.

அந்த நேரங்களில் கோஸ்தாதின்காதான் குடுவையைக் கம்பளியில் சுற்றி, தாங்கியோடு சேர்த்துப் பிடித்து, மெல்ல ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவள் அந்த ஆய்வுக்கூடத்தின் டெக்னீஷியன். தெமெனுகாவைவிட ஆறு வயது மூத்தவள். கையுறை போட்ட கை, மேலே கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி; உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்.

"என் ரெண்டு பிள்ளைங்களைக்கூட இப்படித் தாலாட்டினதில்லடி மெனி."

"ஆட்டுங்க அக்கா. இன்னும் ஒன்றரை மணி நேரந்தான்," என்றாள் தெமெனுகா.

"இது முழிச்சுக்கிட்டா பால் கேக்குமா, பெட்ரோல் கேக்குமா?"

"வெளிச்சம் கேக்கும்," என்றான் ஜன்னலோரம் நின்றிருந்த வெலிஸார்.

"அதைத்தான் கவர்மென்ட் நிறுத்தி வெச்சிருக்கே," என்றாள் கோஸ்தாதின்கா.

வெலிஸார் கருவிகளைக் கையாளுகிறவன். தெமெனுகா செய்து தருவதை அவன் அளந்து சொல்வான். ஏழு வருஷமாக அப்படித்தான். அந்த ஏழில் கடைசி ஐந்து வருஷம் அவர்கள் காதலித்தார்கள் என்பது மூன்றாவது மாடியில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளாததற்குக் காரணம் வீடு. அவள் ஒரு சிநேகிதியின் அறையில் பாதிக்குக் குடியிருந்தாள், அவன் அம்மாவோடு இருந்தான். அரசாங்க வீட்டுக்கான பட்டியலில் இருவர் பெயரும் இருந்தன. பட்டியலே இனி இருக்குமா என்பது அந்த வருஷம் யாருக்கும் தெரியவில்லை.

அவர்களுக்கென்று இருந்த ஒரே இடம் ஆய்வுக்கூடத்தின் கறுப்புத் திரை போட்ட சின்ன அறை. அங்கேதான் புற ஊதா விளக்கு இருந்தது. புதிதாக ஒன்றைச் செய்தால் கண்ணாடித் துண்டில் மெல்லிசாகப் பூசிக்கொண்டு போய் அந்த விளக்கின் கீழே வைப்பார்கள். சிலது சும்மா கிடக்கும். சிலது ஒளிரும். பச்சை, நீலம், ஒரு தடவை பழுத்த ஆப்ரிகாட் நிறம். ஒளிரும்போது வெலிஸார் அவள் கையைப் பிடித்துக்கொள்வான். ஒளிராதபோதும் பிடித்துக்கொள்வான்.

தெமெனுகா தேடியது வெறும் ஒளிர்வு அல்ல. நம் இரண்டு கைகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் வலது கையுறை இடது கைக்குச் சேர்வதில்லை. மூலக்கூறுகளிலும் அப்படி உண்டு. ஒரே கையாக உள்ள துண்டுகளைக் கோத்து நீளமான சங்கிலி செய்தால், அந்தச் சங்கிலி ஒரே பக்கமாகச் சுருண்டு திருகும். அப்படித் திருகிய சங்கிலியிலிருந்து புறப்படும் வெளிச்சமும் வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ திருகிக்கொண்டே வெளிவர வேண்டும். டி.வி. திரைகளில் வடிகட்டியில் பாதி வெளிச்சம் வீணாகிறது, பிறக்கும்போதே திருகிப் பிறக்கும் வெளிச்சமானால் அது மிச்சம் என்று மேலிடத்துக்கு எழுதும் அறிக்கைகளில் அவள் எழுதுவாள். அது அறிக்கைக்கு. அவளுக்கு ஆசை வேறு. மனுஷக் கண்ணுக்கு வலமும் இடமும் ஒன்றாகத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒரு திருகலை, தன் கையால் செய்த ஒரு பொருள் வெளிச்சத்துக்குக் கொடுக்கிறது என்பதை ஒரு தடவையாவது உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே கைத் துண்டுகளுக்கு அவள் வெளிநாட்டுக்கு எழுத வேண்டியிருக்கவில்லை. கசன்லக்கில் அவளுடைய அண்ணன் தோப்ரி ரோஜா எண்ணெய் வடிக்கும் ஆலையில் இருந்தான். ரோஜா எண்ணெயில் இருக்கும் ஒரு பொருள் எப்போதும் ஒரே கையாகத்தான் விளையும். செடிக்கு மறு கை செய்யத் தெரியாது. தரம் தேறாத எண்ணெயை ஒரு தயிர்ப் போத்தலில் ஊற்றி, பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புவான் தோப்ரி. முதல் நாள் வேலையில் ஆய்வுக்கூடம் முழுக்க மணக்கும். ஐந்தாம் கட்டத்தில் மணம் போய்விடும். கடைசியில் மிஞ்சுவது வெளிறிய மஞ்சள் தூள்.

அந்த ஜனவரியில் மிஞ்சியது நாற்பத்திரண்டு மில்லிகிராம். கறுப்புத் திரைக்குள் அது பச்சையாக ஒளிர்ந்தது. திருகலோடு ஒளிர்கிறதா என்று சொல்லும் கருவி பல்கேரியாவிலேயே இல்லை. ஹாலந்தில் ஒன்று இருந்தது. அந்த ஹாலந்துப் பல்கலைக்கழகத்திலிருந்துதான் வெலிஸாருக்கு ஒரு வருஷ வேலைக்குக் கடிதம் வந்திருந்தது.

பிப்ரவரியில் அவன் ரயிலேறினான். பன்னிரண்டு மில்லிகிராம் தூளை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, வெளிச்சம் படாமல் கேமரா ஃபிலிம் டப்பாவுக்குள் வைத்து, கம்பளிச் சாக்ஸுக்குள் திணித்துக் கொடுத்தாள் தெமெனுகா. பிளாட்பாரத்தில் கோஸ்தாதின்காவும் நின்றிருந்தாள், வழிக்கென்று பனித்சா என்ற பாலாடைக்கட்டி அடை சுற்றிய பொட்டலத்தோடு.

"மூணு மாசம் பொறு," என்றான் வெலிஸார். "போனதும் முதல்ல இதை அளக்கறேன். நம்பர் நல்லா வந்தா புரொபஸர் உனக்கும் ஒரு இடம் பார்ப்பார். நான் பேசிடறேன்."

"நம்பர் நல்லா வரலேன்னா?"

"வரும்."

"வரலேன்னா கசன்லக்குக்குப் போயிடுவேன். அண்ணன் கூப்பிட்டுட்டே இருக்கான். சோப்பு ஃபேக்டரிக்கு வாசனை கலந்துட்டு நிம்மதியா இருப்பேன்."

"ரெண்டு பேரும் நம்பரைப் பத்தியே பேசுங்க," என்றாள் கோஸ்தாதின்கா. "வண்டி கிளம்பப் போகுது. முத்தம் குடுக்கறவங்க குடுக்கலாம்."

கடிதங்கள் வாரத்துக்கு ஒன்று வந்தன. மழை. சைக்கிள். ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டியில் வெண்ணெயும் சாக்லேட் துருவலும், குழந்தைகள் மாதிரி. கருவிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, அடுத்த மாதம் என் முறை. தெமெனுகா ஒவ்வொன்றையும் டிராமில் ஒரு தடவை, வேலையிடத்தில் ஒரு தடவை படித்தாள். மே மாதம் கடிதம் வரவில்லை. ஜூன் பத்தாம் தேதி வந்தது, ஒரே பக்கம்.

'அளந்தேன். திருகு எண் பூஜ்யம் புள்ளி இரண்டு ஒன்று. இப்போதைக்கு எங்கும் எழுதாதே, மறுபடி அளந்து உறுதிசெய்ய வேண்டும். நீ அந்த வேலையை விட்டுவிடாதே. எந்தக் காரணத்துக்காகவும் விடாதே.'

திருகு எண் பூஜ்யம் என்றால் திருகலே இல்லை. இரண்டு என்றால் முழுத் திருகல். அன்றைக்கு உலகத்தில் இந்த வேலை செய்தவர்கள் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். பூஜ்யம் புள்ளி இரண்டு ஒன்று என்பது அவளே கனவில்கூடக் கேட்டிராத எண். கோஸ்தாதின்காவிடம் காட்டினாள்.

"பெருசா சின்னதா, அதைச் சொல்லு."

"ரொம்பப் பெருசு அக்கா."

"அப்ப ஏன் உன்னை வரச்சொல்லி எழுதல?"

தெமெனுகா கடிதத்தை மடித்தாள். மறுபடி அளந்து உறுதிசெய்ததும் எழுதுவான் என்று சொன்னாள்.

அவன் அப்படி எழுதவில்லை. ஒரு வருஷ வேலை இரண்டானது. கடிதங்கள் மாதத்துக்கு ஒன்று, பிறகு பண்டிகைக்கு ஒன்று. தொண்ணூற்றுமூன்று அக்டோபரில் நேர்மையாகவே எழுதிவிட்டான்: பெயர் மார்லோஸ், பள்ளிக்கூட ஆசிரியை, டிசம்பரில் கல்யாணம், உன்னிடம் மறைக்கக் கூடாது. தெமெனுகா வாழ்த்து அட்டை அனுப்பினாள். அன்றைக்குக் காலையில் தொடங்கிய வடித்தெடுப்பை நிறுத்தாமல் முடித்துவிட்டுத்தான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோஸ்தாதின்கா வெளியே நின்று கதவைத் தட்டவும் இல்லை, போகவும் இல்லை.

ஆள் போய்விட்டான், எண் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவளுக்கு விளங்கவில்லை. எழுத முடியாது, அளந்தவன் உறுதிசெய்யவில்லை. திரும்ப அளக்க முடியாது, கருவி இல்லை. ஆனால் ஏதோ ஓர் அறையில், ஏதோ ஒரு மே மாதத்துப் பகலில், தன் பொருள் திருகலோடு ஒளிர்ந்திருக்கிறது என்பது மட்டும் அவளுக்குள் அணையாமல் கிடந்தது. மிச்சமிருந்த முப்பது மில்லிகிராமை அலுமினியத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்தாள். வெலிஸாரைப் பற்றிய ஏக்கம் ஒரு பக்கமும் அந்த வெளிச்சத்தைப் பற்றிய ஏக்கம் மறுபக்கமுமாக வந்து, எது எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் ஒன்றாகிவிட்டது. டிராமில் யாராவது அவனைப்போல் ஒரு தோளைச் சாய்த்து நடந்தால் அவள் மனதில் முதலில் வருவது அவன் முகம் இல்லை, பச்சை.

தொண்ணூற்றேழு குளிர்காலத்தில் சம்பளம் கையில் வந்து கடைக்குப் போவதற்குள் பாதியாகிவிடும். மூன்றாவது மாடியில் பதினான்கு பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர் மிஞ்சினார்கள். ஒருவர் கனடா போனார், ஒருவர் காளான் வளர்க்கப் போனார். தோப்ரி நேரிலேயே வந்துவிட்டான். ஆலை தனியார் கைக்குப் போயிருந்தது, தரம் பார்க்க ஒரு வேதியியல்காரர் வேண்டும், வீடும் தருகிறார்கள்.

"இங்க என்னம்மா இருக்கு?" என்றான், சுவரில் பனி பூத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே. "கோட்டைக் கழட்டாம வேலை பாக்கறே. உனக்கு முப்பத்தேழு ஆச்சு. அங்க ஸ்டோயன்னு ஒரு இன்ஜினியர் இருக்கான், பொண்டாட்டி தவறிட்டா, நல்ல மனுஷன். உன்னைப் பத்திக் கேட்டான்."

"இப்ப முடியாதுண்ணா."

"எப்ப முடியும்?"

"ஒண்ணு பாதியில நிக்குது."

"ஆறு வருஷமா அதையே சொல்றே. என்னதான் நிக்குது?"

சொன்னால் ஓர் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். தோப்ரி கொண்டுவந்திருந்த பன்றிக்கொழுப்பையும் ஊறுகாயையும் மேஜைமேல் வைத்துவிட்டு, தங்கையின் தலையைத் தொட்டுவிட்டுப் போனான்.

இரண்டாயிரத்தில் ஜப்பானிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. கிட்டத்தட்ட அவளுடையதைப் போன்ற சங்கிலி. ஒரு வித்தியாசம், அவர்கள் பூச்சைச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டிருந்தார்கள். சூட்டில் சங்கிலிகள் ஒன்றையொன்று பார்த்து வரிசையாகத் திருகிக்கொள்கின்றன. அவர்கள் எண்ணும் அவள் எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். தெமெனுகா நூலகத்தின் நாற்காலியில் அதை நாலு தடவை படித்தாள். ஒன்பது வருஷம் முன்னாலேயே நம்மிடம் இருந்தது என்று சொல்ல ஆளில்லை, ஆதாரமில்லை. வெலிஸாருக்கு எழுதினாள். பழைய முகவரியில் அவன் இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது.

அந்தக் கருவி சோபியாவுக்கு வந்தது இரண்டாயிரத்தொன்பது மார்ச்சில், ஐரோப்பியப் பணத்தில். தெமெனுகாவுக்கு அப்போது ஐம்பது வயது. கருவி வாங்குவதற்கான விண்ணப்பத்தை அவளே மூன்று தடவை எழுதியிருந்தாள். பொருத்திக் கொடுக்க வந்த ஆட்கள் போனதும் கோஸ்தாதின்கா கறுப்புத் திரையை இழுத்துவிட்டாள். குளிர்பெட்டியின் மேல்தட்டிலிருந்து அலுமினியப் பொட்டலம் இறங்கியது.

பதினெட்டு வருஷம் காத்திருந்தவள் என்றாலும் அவள் அவசரப்படவில்லை. பூசினாள், உலர்த்தினாள், வைத்தாள். திரையில் கோடு பூஜ்யத்தின்மேல் படுத்துக் கிடந்தது. கருவியைச் சோதித்தாள், கருவி சரியாக இருந்தது. ஜப்பானியர்கள் செய்ததுபோல் சூடாக்கி ஆறவிட்டாள். பூஜ்யம். புதிதாகப் பூசி மறுபடி வைத்தாள். பூஜ்யம்.

"பழசாயிடுச்சோ என்னமோ," என்றாள் கோஸ்தாதின்கா. "நானுந்தான் பதினெட்டு வருஷத்துல பழசாயிட்டேன்."

பழசாகவில்லை. பச்சை அதே பச்சைதான். தெமெனுகா சங்கிலியின் நீளத்தை அளந்தாள். தொண்ணூற்றொன்றில் அதை அளக்கவும் சரியான வழி இருக்கவில்லை. விடை வந்தது. எட்டுக் கண்ணி. சில இடத்தில் ஒன்பது. நூறு கண்ணிக்கு மேல் நீண்டிருக்க வேண்டிய சங்கிலி எட்டிலேயே நின்றுபோயிருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் ஆறி, வந்ததும் சூடேறி, மறுபடி ஆறி, வளர முடியாமல் செத்த சங்கிலி அது. எட்டுக் கண்ணிக்குத் திருகத் தெரியாது. அன்றைக்கும் தெரிந்திருக்காது.

அப்படியானால் அந்த எண்ணை அவன் எங்கிருந்து எடுத்தான்?

ஆளைக் கண்டுபிடிப்பது இப்போது சுலபமாக இருந்தது. சாலைப் பலகைகளுக்கான பெயின்டைச் சோதிக்கும் ஒரு கம்பெனியின் இணையப் பக்கத்தில் அவன் படம் இருந்தது, முடியில்லாமல். 'சோபியா வரும்போது சொல். கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது' என்று மட்டும் எழுதினாள். அம்மாவின் முதல் வருஷ நினைவுநாளுக்கு அக்டோபரில் வருவதாகப் பதில் வந்தது.

தெற்குப் பூங்கா பக்கத்தில் ஓர் இனிப்புக் கடையில் சந்தித்தார்கள். அவன் எழுந்து நின்று கை நீட்டுவதா கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதிப் பாதி செய்தான். ஒரு தோள் இன்னும் சாய்ந்துதான் இருந்தது. அவன் பேசிய பல்கேரியன் தொண்ணூற்றொன்றிலேயே நின்றுபோயிருந்தது. அந்தக் காலத்துக் கிண்டல் வார்த்தைகளை இப்போது யாரும் சொல்வதில்லை. தனக்கு இரண்டு பெண்கள் என்றான். போட்டோ காட்டினான். அவள் பார்த்தாள், இருவருமே உன் அம்மா சாயல் என்றாள். போசா வந்தது, தானியத்தைப் புளிக்கவைத்த இனிப்புப் பானம். அவன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"அங்க இது கெடைக்காது."

"வெலி," என்றாள் தெமெனுகா. "ஜூன் மாசம் எழுதினியே, அந்த நம்பர். அது நீ அளந்ததா?"

அவன் தலையை மேலும் கீழுமாக அசைத்தான்.

சோபியாவில் தலையை மேலும் கீழும் அசைத்தால் இல்லை, பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம். ஹாலந்தில் நேர்மாறு. அவனோ பதினெட்டு வருஷமாக அங்கே இருக்கிறவன்.

"இது எந்த ஊர்த் தலையாட்டல்?"

"நம்ம ஊர்து," என்றான் வெலிஸார்.

பக்கத்து மேஜையில் ஒரு பெண் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் ஊட்டிக்கொண்டிருந்தாள். தெமெனுகா அதையே பார்த்தாள்.

"பதினோரு தடவை அளந்தேன் மெனி. பூசி, கரைச்சு, மறுபடி பூசி. ஒண்ணுமே இல்ல. புரொபஸர்கிட்ட உள்ளதைத்தான் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். ஒண்ணுமில்லாததுக்கு நான் எப்படிப்பா இடம் கேக்கறதுன்னார். உன்னை வரச்சொல்ல முடியாதுன்னு ஆயிடுச்சு. வராதேன்னு எழுதப் பேனா எடுத்தேன். கை வரல."

"அதனால நம்பரை எழுதிட்டே."

"இல்லேன்னு எழுதினா நீ கசன்லக் போயிடுவே. அங்க எவனையாவது கட்டிக்குவே. எனக்கு அது..." அவன் கோப்பையை நகர்த்தினான். "நான் எங்க இருந்தாலும், சோபியான்னு நினைச்சா நீ அந்தக் கறுப்புத் திரைக்குள்ள இருக்கணும். அந்த விளக்குகிட்ட. அப்படித்தான் எனக்கு வேணும்னு இருந்துச்சு. எனக்குக் கல்யாணம் ஆனப்புறமும் அப்படித்தான் இருந்துச்சு. அசிங்கமான விஷயந்தான். சொல்லிட்டேன்."

"நான் இருந்தேன்," என்றாள் தெமெனுகா. "பதினெட்டு வருஷமும் அங்கதான் இருந்தேன்."

கத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு. ஸ்டோயன் என்று பெயர் மட்டும் தெரிந்த அந்த இன்ஜினியரைச் சொல்ல வேண்டும், பனி பூத்த சுவரைச் சொல்ல வேண்டும், திரும்பி வந்த கடிதத்தைச் சொல்ல வேண்டும். ஆனால் எதிரே வழுக்கைத் தலையோடு குனிந்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தபோது, இவனும் பதினெட்டு வருஷமாக அந்தத் திரைக்கு வெளியிலேயே நின்றிருக்கிறான் என்பது தெரிந்தது. அவள் சொன்னது வேறு.

"சங்கிலி நீளம் பாத்தேன். எட்டு."

அவன் நிமிர்ந்தான். பெயின்ட் கம்பெனிக்காரன் போய், பழைய வெலிஸார் முகத்தில் வந்தான். "எட்டா? நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு எட்டா? எப்படி..." என்று தொடங்கியவன் தானே நிறுத்தினான். "கரண்ட்டா?"

"கரண்ட்."

"கோஸ்தா அக்கா ஆட்டினாங்களே."

"ஆட்டினாங்க. சூடு இருக்கணுமில்ல."

அவன் சிரிக்கத் தொடங்கினான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஐஸ்கிரீம் ஊட்டிய பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள், பிறகு அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான், வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தான். வெளியே வந்தபோது வித்தோஷா மலைமேல் முதல் பனி தெரிந்தது. டிராம் நிறுத்தம்வரை நடந்தார்கள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான், அவளும் விட்டுவிடவில்லை. ஒன்பதாம் நம்பர் வந்தது; போகவிட்டார்கள். அடுத்தது வந்தபோது அவள் ஏறினாள்.

கோஸ்தாதின்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"மத்த ஆம்பளைங்க பூ குடுப்பாங்க," என்றாள் அவள். "இவன் நம்பர் குடுத்திருக்கான். அதையும் நீ வாங்கிப் பத்திரமா வெச்சிருந்தே. உங்க ரெண்டு பேரையும் என்ன சொல்றது?"

தெமெனுகா அண்ணனுக்குப் போன் செய்து எண்ணெய் அனுப்பச் சொன்னாள். இப்போது பஸ் டிரைவர் இல்லை, கூரியர். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகச் செய்தாள். நாற்பத்தெட்டு மணி நேரம் கலக்கி ஒரு தடவைகூட நிற்கவில்லை. கோஸ்தாதின்கா வந்து வந்து பார்த்துவிட்டு, தனக்கு வேலையில்லாததுபோல் இருக்கிறது என்றாள். சங்கிலி நூற்றுப் பத்துக் கண்ணி நீண்டிருந்தது. பூசி, சூடாக்கி, மெல்ல ஆறவிட்டு வைத்தார்கள். கோடு பூஜ்யத்திலிருந்து எழும்பியது. இடஞ்சுழி. பூஜ்யம் புள்ளி ஒன்று நான்கு.

அவள் விளக்கை அணைக்காமல் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரியாது என்று அவளுக்குத் தெரியும். தேடியது கிடைத்தால் ஏக்கம் அடங்கும் என்று நினைத்திருந்தாள். அடங்கவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

அதற்குள் உலகத்தில் வேறு பலர் அதைவிடப் பெரிய எண்களை எட்டியிருந்தார்கள். ஆனாலும் ரோஜா எண்ணெயிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவர்கள் யாரும் இல்லை என்று கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். கடைசியில் நன்றி சொல்லும் வரியில் வெலிஸாரின் பெயரைப் போட்டாள்.

"பொய் சொன்னவனுக்கு நன்றியா?" என்றாள் கோஸ்தாதின்கா.

"பதினோரு தடவை அளந்திருக்கான் அக்கா. அந்தப் பதினொண்ணும் நிஜம்."

அடுத்த வருஷம் லிஸ்பனில் ஒரு மாநாட்டில் பேசக் கூப்பிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அதுதான் அவளுக்கு முதல் பெரிய மேடை. கோஸ்தாதின்கா வற்புறுத்தி ஒரு நீலக் கோட்டு வாங்க வைத்தாள். விமானம் ஆம்ஸ்டர்டாமில் மாற வேண்டும், இடையில் மூன்று மணி நேரம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தாள். தட்டையான புல்வெளி, வாய்க்கால், மெல்லிய மழை. கடிதங்களில் படித்தது எல்லாம் அப்படியே இருந்தது.

முதல் ஒரு மணி நேரம் போனைக் கையில் எடுக்கவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் எடுத்தாள், அவன் கொடுத்துவிட்டுப் போயிருந்த வீட்டு எண்ணை அடித்தாள். ஒரு பெண்குரல் டச்சில் ஏதோ சொன்னது. தெமெனுகா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வெலிஸார் இருக்கிறாரா என்று கேட்டாள். பேசுவது பல்கேரியக்காரி என்று அந்தக் காதுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. குரல் தட்டுத்தடுமாறிப் பல்கேரியனுக்கு மாறியது.

"அப்பா தோட்டத்துல இருக்காங்க. கூப்பிடட்டுமா? நீங்க யாரு?"

ர எழுத்தை அவனைப் போலவே கொஞ்சம் தொண்டையில் வைத்துச் சொன்னது அந்தப் பெண். தெமெனுகா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் எங்கோ கதவு திறக்கிற சத்தம், நாய் ஒன்று குரைக்கிற சத்தம் கேட்டது.

"வேண்டாம்மா, வேலையா இருக்கட்டும். முன்னாடி கூட வேலை பாத்தவ ஒருத்தி பேசினான்னு சொல்லு. போற வழியில சும்மா கூப்பிட்டேன்."

"எங்க போறீங்க?"

"லிஸ்பனுக்கு. நாளைக்குக் காலைல பேசறேன்."

"எதைப் பத்தி?"

யாரும் அவளிடம் இவ்வளவு எளிதாகக் கேட்டதில்லை. அவள் யோசித்தாள். வாயிலில் ஆட்கள் வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"வெளிச்சத்தைப் பத்தி," என்றாள். "நீ என்ன படிக்கிறே, சொல்லு. எனக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

அந்தப் பெண் சொல்லத் தொடங்கினாள். பல்கேரியன் வார்த்தை கிடைக்காத இடத்தில் நின்றாள், தெமெனுகா எடுத்துக் கொடுத்தாள். வரிசை மெல்ல நகர்ந்தது. அவள் நீலக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, அதன் கடைசியில் போய் நின்றாள்.